டாக்டரம்மா கையை எடுக்கல

ஏணியை அங்க சாத்தாதீங்க தம்பி, அந்தத் தகரம் துருப்பிடிச்சது, கால் வெச்சீங்கன்னா நேரா பிரசவ ரூமுக்குள்ளதான் வந்து விழுவீங்க. முதல்ல வந்து இந்த பெஞ்சுல உக்காருங்க. ஒரு வாய் காப்பி குடிங்க. டிஷ்ஷு எங்கயும் ஓடிப் போயிடாது. பாதி வழியில வாந்தி எடுத்தீங்கதானே? கூச்சப்படாதீங்க, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. நான் இந்த மலைக்கு வேலைக்கு வந்த அன்னிக்கு பஸ் ஜன்னலை விட்டுத் தலையை உள்ள எடுக்கவே இல்ல. பதினாலு வருஷம் ஆச்சு, இப்பவும் கீழ போறதுன்னா பையில எலுமிச்சம்பழம் வெச்சுக்குவேன்.

நான்தான் ஜெயக்கொடி. இந்தக் கடுக்காமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரே நர்சு. புகார் எழுதினதும் நான்தான். ஆறு கடுதாசி எழுதினேன். அஞ்சுக்குப் பதிலே இல்ல, ஆறாவதுக்கு நீங்க வந்திருக்கீங்க. வந்ததுக்கு சந்தோசம். ஆனா கொஞ்சம் வெரசா பாருங்க. அங்க வராண்டாவுல ஒரு புள்ள இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்குது பாருங்க, அது வெண்ணிலா. தலைப்பிரசவம். இன்னும் மூணு நாலு மணி நேரம் ஆகும்னு நெனைக்கிறேன். அதுக்குள்ள, கீழ ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பாத்துப் பேசற டிவி ஒழுங்கா ஆயிடணும். தெக்கால பாத்தீங்களா, மேகம் கட்ட ஆரம்பிச்சிடுச்சு.

புகாரைப் படிச்சீங்களா? என்ன எழுதியிருக்கேன்? 'மழை வரும்போது மட்டும் பழுதாகிறது.' சிரிக்காதீங்க. நிசமாத்தான் எழுதினேன். நல்ல வெயில்ல படம் கண்ணாடி மாதிரி வரும். டாக்டரம்மா கழுத்துல போட்டிருக்கிற செயின்ல சிலுவை தெரியும், அவ்வளவு தெளிவு. மேகம் அந்தத் தெக்கு மேட்டுக்கு மேல வந்துச்சோ இல்லியோ, இங்க ஒரு சொட்டு விழுந்திருக்காது, அதுக்குள்ள படம் கட்டம் கட்டமா உடையும். அப்புறம் மூஞ்சி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். வெயில் அடிக்கும்போது எனக்கு எதுக்குங்க டாக்டரு? வெயில்ல ஜீப்பு ஓடும், ரோடு இருக்கும், தூக்கிப் போட்டுக்கிட்டுக் கீழ போயிடுவேன். மழையிலதான் மரம் விழும், ரோடு அறுந்துக்கும், ஆம்புலன்சு நாப்பதாவது வளைவுல நிக்கும். அன்னிக்குத்தான் எனக்கு டாக்டர் வேணும். அன்னிக்குத்தான் இது மூஞ்சியைத் திருப்பிக்கும்.

நாங்களும் சும்மா இருக்கலைங்க. முதல்ல எங்க ஆஸ்பத்திரி வார்டு ஆளு அல்லிமுத்து, மழை வந்தா மேல ஏறி டிஷ்ஷுக்குக் குடை பிடிப்பாரு. ஆமாங்க, குடை. ஐம்பத்தஞ்சு வயசு ஆளு, தகரத்து மேல குத்துக்கால் போட்டு உக்காந்து டிஷ்ஷுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு இவரு நனைவாரு. அப்புறம் தார்ப்பாய் கட்டினோம். அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு தேங்காய் எண்ணெய் தடவினோம், தண்ணி நிக்காம வழுக்கிக்கிட்டுப் போகும்னு. எண்ணெய் தடவினது தப்பில்லையா? பாத்தீங்களா! அல்லிமுத்து, கேட்டீங்களா, தம்பி சொல்றாரு! என்ன, கொஞ்சம்தான் உதவுமா? ஏன்?

அப்படியா. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரா? அவ்வளவு மேல நிக்கிற சாட்டிலைட்டுல இருந்தா படம் வருது? அத்தனை தூரம் ஒழுங்கா வந்துட்டு, கடைசி நாலஞ்சு கிலோமீட்டர்ல மழைத்தண்ணி அதைக் குடிச்சிடுதா? நல்ல கதையா இருக்கே! அப்ப டிஷ்ஷுக்குக் குடை பிடிச்சு என்ன பிரயோசனம், வானத்துக்குத்தான் குடை பிடிக்கணும். இது தென்கிழக்கே சாய்ஞ்சு பாக்குதுன்னா, அந்த மேட்டு மேல நிக்கிற மேகத்தைத் தாண்டித்தான் பாக்கணும், அதான் இங்க பெய்யறதுக்கு முன்னாடியே உடையுது. சரி சரி. இப்ப புரியுது. நம்ம ஊரு மழைத்துளி பெருசுன்னு நீங்க சொல்றதும் சரிதான். தூறல் மட்டும் பெய்யற தேசத்துல உக்காந்து இந்த டிஷ்ஷுக்குக் கணக்குப் போட்டா நம்ம ஐப்பசிக்கு அது எப்படிப் பத்தும்? ஒருநாள் வந்து இங்க நிக்கச் சொல்லுங்க அவங்களை.

இல்லைங்க, இடி சத்தத்துக்கு நான் பயப்பட மாட்டேன். எதுக்குமே பயப்படற ஆளு நான் இல்ல. போன வருசம் மருந்து ரூமுல கட்டுவிரியன் வந்துச்சு, துடைப்பக்கட்டையாலேயே அடிச்சேன். ஆனா மழை வந்து, உள்ள ஒரு புள்ளத்தாச்சி படுத்திருந்து, நான் மட்டும் தனியா நின்னேன்னு வைங்க, உள்ளங்கையெல்லாம் வேர்த்துக் கொட்டிடும். கையுறை மாட்ட வராது.

ஏன்னு கேக்குறீங்களா? வேணாம் விடுங்க. சரி, சொல்றேன். நாலு வருசம் முன்னாடி. அப்ப இந்த டிவி கிடையாது. வள்ளிக்கண்ணுன்னு ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சா, அப்ப சொல்லலாம், தப்பில்ல. குழந்தை நல்லபடியா பிறந்துச்சு, மாசு, அதான் நஞ்சுக்கொடி, அதுவும் வந்துடுச்சு. அப்புறம் ரத்தம் நிக்கல. குழந்தை வெளிய வந்ததும் கர்ப்பப்பை சுருங்கிக் கல்லாட்டம் இறுகணும். சில பேருக்கு இறுகாது, பிசைஞ்ச மாவாட்டம் கொழகொழன்னு கிடக்கும். அப்ப அமுக்கிப் பிடிக்கணும். நானும் அமுக்கினேன். பத்து நிமிசம் அமுக்கினேன், கொறைஞ்சுது. நின்னுடுச்சுன்னு நெனச்சேன். வெளிய ஜீப்பு நின்னுச்சு, மழை வேற, ரோடு அடைக்கறதுக்குள்ள கொண்டு போயிடலாம்னு கையை எடுத்தேன்.

கையை எடுத்தேன் தம்பி. அவ்வளவுதான் நான் செஞ்சது. முப்பத்தெட்டாவது வளைவுல என் மடியில தலை வெச்சுக்கிட்டே போயிட்டா.

விசாரணை வெச்சாங்க. என் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தக் காகிதம் இன்னும் பீரோவுல இருக்கு. அதை எடுத்துப் படிச்சா மட்டும் தூக்கம் வந்துடுமா? அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனி தனியா ஒரு கேசைத் தொட மாட்டேன்னு. நானா ஒரு முடிவும் எடுக்க மாட்டேன்னு. இந்த டிவிக்கும் நான்தான் மனு மேல மனு போட்டு வாங்கினேன். வந்ததுல இருந்து கீழ பெரிய ஆஸ்பத்திரியில அமலோற்பவம் டாக்டரம்மாவைக் கேக்காம ஒரு சளி மருந்து கூடக் குடுக்கறதில்ல. மேடம், இது குடுக்கட்டுமா? மேடம், அது எடுக்கட்டுமா? அவங்களுக்கே அலுத்துப் போயிருக்கும். அலுத்துக்க மாட்டாங்க. தங்கமான மனுஷி.

இருங்க தம்பி. வெண்ணிலா! உக்காராத, நட! சாப்பிட்டியா? சரி, நட. நல்ல புள்ள, சொன்னா கேக்கும். கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

டிவி பத்திச் சொல்ல வந்தேன். போன ஐப்பசியில ஒரு நாள் நடந்ததைக் கேளுங்க, அப்பத்தான் இது எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியும். செல்லக்கிளின்னு ஒருத்தி, ரெண்டாவது பிரசவம். காலையில வந்தா, கூட அவங்க அம்மா. வியாழக்கிழமை. காலையில சுள்ளுன்னு வெயில். டாக்டரம்மாவுக்கு டிவி போட்டேன், பாத்தாங்க, எல்லாம் ஒழுங்கா இருக்கு ஜெயக்கொடின்னாங்க. மத்தியானம் ஒண்ணே முக்காலுக்குப் பொம்பளைப் புள்ள பிறந்துச்சு. ரெண்டு மணிக்கு முன்னாடி மாசும் வந்துடுச்சு. அம்மாக்காரி புள்ளையை வாங்கித் துணியில சுத்தினா. நான் வெளிய பாக்கிறேன், தெக்கு மேடு காணோம். மேகம் முழுங்கிடுச்சு.

திரும்பிப் பாத்தா ரத்தம்.

எப்படிச் சொல்றது உங்களுக்கு? வாளியைத் தட்டி விட்டாப்ல. வயித்துல கை வெச்சா அதே கொழகொழ. அதே மேசை தம்பி, அதே இடம். செல்லக்கிளி என்னைப் பாக்குறா, நான் வள்ளிக்கண்ணைப் பாக்குறேன். கால் அப்படியே தரையில ஒட்டிக்கிச்சு, நகர மாட்டேங்குது. அப்ப டிவியில இருந்து டாக்டரம்மா போட்டாங்க ஒரு அதட்டல். "ஜெயக்கொடி! என்னைப் பாரு!" பாத்தேன். ஊசி போடுன்னாங்க, போட்டேன். டிரிப்புல மருந்தைக் கலந்து ஏத்துன்னாங்க, ஏத்தினேன். மாத்திரையை நாக்குக்கு அடியில வைன்னாங்க, வெச்சேன். மூத்திரப்பைக்கு டியூப் போட்டு வடிச்சுடுன்னாங்க, அதையும் செஞ்சேன். ரத்தம் நிக்கல. அப்ப தூத்தல் ஆரம்பிச்சுது. படம் ஒரு தடவை கட்டம் கட்டமா உடைஞ்சு மறுபடி சேந்துச்சு.

டாக்டரம்மா எழுந்து நின்னாங்க. "நான் காட்டறதைப் பாரு"ன்னாங்க. வலது கையை முஷ்டி பிடிச்சு அடியில வெச்சாங்க, இடது கையை அது மேல இப்படிக் கவுத்து அழுத்தினாங்க. ஒரு கை உள்ள, ஒரு கை வயித்து மேல, நடுவுல கர்ப்பப்பை, அதை ரெண்டு பக்கமும் சேத்து நசுக்கிப் பிடிக்கணும். "இப்படிப் பிடி. நான் சொல்ற வரைக்கும்..." அப்படின்னாங்க. அவ்வளவுதான் கேட்டுச்சு. அதுக்குள்ள மழை தகரத்து மேல இறங்கிடுச்சு. எங்க தகரத்துல மழை விழுந்தா பக்கத்துல நிக்கிறவன் கத்தினாலும் கேக்காதுங்க. டாக்டரம்மா சத்தம் போச்சு. ஆனா படம் போகல! அதான் தெய்வம் காப்பாத்துச்சு. அன்னிக்குப் பேஞ்ச பேய்மழையில, எப்பவும் உடையற படம் அதுக்கப்புறம் உடையவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் அல்லிமுத்து அது தன்னோட தேங்காய் எண்ணெயாலதான்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. அந்த நேரம் அவரு மேல குடையோட உக்காந்திருந்தாரு.

நான் பிடிச்சேன். டாக்டரம்மா காட்டின மாதிரியே. நேர் எதுக்க சுவத்துல டிவி. அவங்க என்னைப் பாத்துக்கிட்டு, முஷ்டி மேல கையைக் கவுத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் அவங்களைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.

எவ்வளவு நேரம்னு நெனைக்கிறீங்க? ஐம்பது நிமிசத்துக்கு மேல.

சிரிப்பா இருக்கா? செஞ்சு பாருங்க. அஞ்சு நிமிசத்துல மணிக்கட்டு மரத்துப் போச்சு. பத்து நிமிசத்துல தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் நெருப்பு. இடி விழறப்பல்லாம் லைட்டு மினுக் மினுக்குங்குது. ரத்தம் கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. "மேடம், கொறைஞ்சிருக்கு மேடம், எடுக்கட்டுமா?"ன்னு கத்தினேன். டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல. தலையை ஆட்டல. கையை எடுக்கல. அவங்க எடுக்காம நான் எப்படி எடுப்பேன்? போன தடவை நானா எடுத்துத்தானே அந்தப் பாவம் என் தலையில விழுந்துச்சு. எடுக்கல. அழுதுக்கிட்டே பிடிச்சிருந்தேன். ஆமாங்க, அழுதேன், வெக்கம் என்ன. உசுரு போகப் போகுதேன்னு பயம். அவ உசுரு போனா எனக்கும் போயிடும்னு பயம்.

ஒரு கட்டத்துல கோபம் வந்துடுச்சு. "உங்களுக்கென்ன மேடம், நீங்க காத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, எனக்குத் தோள்பட்டை கழண்டு விழுது! ஏதாவது சொல்லித் தொலைங்களேன்!" அப்படின்னு வாய்க்கு வந்ததைக் கத்திட்டேன். எந்த டாக்டர்கிட்டயாவது ஒரு நர்சு இப்படிப் பேசிட்டு வேலையில இருக்க முடியுமா? அதுக்கும் அவங்க கோபப்படல. அதே பார்வை. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்துச்சு, அதைக் கூட மேல தள்ளிக்கல. தள்ளினா கை எடுக்கணுமே! கையை எடுத்தா நானும் எடுத்துடுவேன்னு அவங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு கட்டுப்பாடு. அவங்க பின்னாடி சுவத்துக் கடிகாரம் ரெண்டு மணி பன்னெண்டு நிமிசத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பேட்டரி மாத்த ஆள் இல்ல பாருங்க.

டிரிப்பு பாட்டில் தீந்து போச்சு. "மேடம், அடுத்த பாட்டில் போடட்டுமா? மருந்து இதே அளவு கலக்கட்டுமா?" வேணாம்னு சொல்லல. வேணாம்னா முகத்துல காட்டியிருப்பாங்கல்ல? செல்லக்கிளி அம்மாவைப் புள்ளையைக் கீழ வெக்கச் சொல்லி, அந்த அலமாரியில நீல மூடி பாட்டிலை எடு, அந்த ஊசி மருந்தை உறிஞ்சு, இதுல குத்து, அந்தச் சக்கரத்தைத் திருப்புன்னு ஒவ்வொண்ணா கத்திக் கத்திச் செய்ய வெச்சேன். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, அன்னாசிக் காட்டுல வேலை செய்யறவ, கை நடுங்காம செஞ்சா. எல்லாம் டாக்டரம்மா எதுக்க நிக்கற தைரியம். நடுவுல செல்லக்கிளி கண்ணு சொருகிடுச்சு. "அடியே, என்னைப் பாருடி! உன் புள்ளைக்கு என்ன பேருடி? சொல்லுடி!"ன்னு அடித்தொண்டையில கத்தினேன். "தெரியலக்கா"ன்னா. "தெரியாம எங்கடி போற, பேரை வெச்சுட்டுப் போடி"ன்னேன். அந்த நிலைமையில லேசா சிரிச்சா தம்பி அவ.

அப்புறம் மழை கொஞ்சம் கொறைஞ்சுது. படம் குதிச்சுது. கட்டம் கட்டமா ஆகி மறுபடி வந்தா டாக்டரம்மா உக்காந்திருக்காங்க, பக்கத்துல ரெண்டு பேரு. "ஜெயக்கொடி! ஜெயக்கொடி! கேக்குதா? எப்படி இருக்கா? எவ்வளவு ரத்தம் போச்சு?"ன்னு பதறுறாங்க. இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டே இருந்தவங்க இப்ப புதுசா கேக்கறாங்களேன்னு நெனச்சேன். நின்ன களைப்பு, பாவம், இல்லாட்டி ரெக்கார்டுக்கு எழுதக் கேக்கறாங்க போலன்னு எல்லாத்தையும் சொன்னேன். வயித்தைத் தொட்டுப் பாருன்னாங்க. தொட்டேன். கல்லாட்டம் இறுகியிருந்துச்சு. "இப்ப மெதுவா கையை எடு"ன்னாங்க. எடுத்தேன். ஒரு சொட்டு வரல.

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். விரலை விரிக்கவே முடியல, அல்லிமுத்து வந்து ஒவ்வொண்ணா விரிச்சு விட்டாரு.

ஆம்புலன்சு மரத்தை அறுத்துக்கிட்டு அஞ்சு மணிக்கு வந்துச்சு. கீழ கொண்டு போய் ரத்தம் ஏத்தி எட்டு நாள்ல வீட்டுக்கு வந்துட்டா. குழந்தைக்கு இப்ப ஏழு மாசம், தவழுது. என் பேரை வெக்கறேன்னாங்க. சும்மா இருங்கடி, நான் என்னத்தைப் பண்ணினேன், வெச்ச கையை வெச்சபடி நின்னேன், சொன்னது செஞ்சதெல்லாம் டாக்டரம்மான்னு சொல்லி அமலான்னு வெக்கச் சொன்னேன். மாசக் கூட்டத்துக்குக் கீழ போனப்ப ரெண்டு படி மிளகும் ஒரு பலாப்பழமும் கொண்டு போய் டாக்டரம்மா கால்ல வெச்சேன். "எனக்கெதுக்கு ஜெயக்கொடி? நான் என்ன பண்ணினேன்? லைன் போனதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல"ன்னாங்க. பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்! ஐம்பது நிமிசம் கண் சிமிட்டாம நின்ன மனுஷி, நான் என்ன பண்ணினேன்னு கேக்கறாங்க. பெரிய மனுஷங்க செஞ்சதை வாயைத் திறந்து சொல்லிக்க மாட்டாங்க.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? காப்பியில ஏதாவது விழுந்துடுச்சா?

என்ன, என்ன தேதியா? நவம்பர் ஆறு. ஏன், அதுவும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா? எங்க, திருப்புங்க இப்படி. இந்தச் செவப்புக் கோடு என்ன? லைன் இல்லாத நேரமா. ரெண்டு மணி பன்னெண்டு நிமிசத்துல இருந்து... மூணு மணி நாலு நிமிசம் வரைக்கும். சரி. அது எந்த நாளு?

இல்ல தம்பி. உங்க மெஷினு தப்பு. இது வேற ஊரு டிஷ்ஷா இருக்கும், நல்லாப் பாருங்க. கடுக்காமேடுன்னுதான் போட்டிருக்கு, தெரியுது, நானும் படிச்சவதான். ஆனா தப்பு. நான் பாத்தேனே! இந்தக் கண்ணால பாத்தேன். டாக்டரம்மா நின்னாங்க, கை இப்படி இருந்துச்சு...

நின்ன படமா?

லைன் அறுந்தா கடைசியா வந்த படம் அப்படியே நிக்குமா? ஒரு மணி நேரம் வரைக்கும் கூடவா? அப்ப அவங்க அந்தப் பக்கம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க? அவங்க டிவியிலயும் நான் நின்னுட்டேனா? அவங்க என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களா?

கொஞ்சம் இருங்க.

அப்ப நான் 'எடுக்கட்டுமா'ன்னு கேட்டப்ப யாருமே இல்ல. ரெண்டாவது பாட்டில் போடட்டுமான்னு கேட்டப்பவும் இல்ல. நானா போட்டிருக்கேன். நானா மருந்து அளவு சொல்லியிருக்கேன். அய்யய்யோ. அந்த மருந்து கூடக் கொறைய போயிருந்தா? டாக்டரம்மா கை வேற மாதிரி இருக்கும்போது படம் நின்னிருந்தா? கையை ஆட்டும்போது நின்னிருந்தா? நான் எடுத்திருப்பேனே தம்பி! எடுத்துட்டுப் போதும்னு நெனச்சிருப்பேனே! செல்லக்கிளி அங்கயே... இந்த மேசையிலயே...

என் கையைப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு. அன்னிக்கு ஆடலைங்க இது. ஐம்பது நிமிசம் ஆடாம இருந்த கை. இப்ப ஆடுது பாருங்க.

நீங்க என்னத்தைப் பாராட்டறீங்க? நானே காப்பாத்தினேன்னா? அந்தப் பேச்சே வேணாம். தனியா ஒரு கேசைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினவ நான். ஏன் தம்பி சொன்னீங்க? டிஷ்ஷைப் பாக்க வந்தா டிஷ்ஷைப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே? கேக்காத கேள்விக்கு ஏன் கோடு போட்டுக் காட்டுறீங்க? தெரியாமயே இருந்திருப்பேனே. மழை வந்தா படம் உடையும், இருந்தாலும் இக்கட்டுன்னா டாக்டரம்மா வந்து நிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே ரிட்டையர்டு ஆகியிருப்பேனே. இனி நான் யாரைப் பாத்துக்கிட்டு நிப்பேன்?

மன்னிச்சிடுங்க. உங்க மேல கோபமில்ல. காப்பியைக் குடிங்க, ஆறிப் போச்சு. வேற போடச் சொல்லவா?

என்னது? ஆமாம், கேக்கறேன், சொல்லுங்க. டிஷ்ஷைப் பெருசா மாத்தினா கொஞ்சம் தாங்கும், ஆனா பெரு மழைக்கு எதுவும் தாங்காது. சரி. இன்னிக்கு மாத்த முடியாது, எழுதிப் போட்டு வரணும். சரி. இன்னிக்கு வேற என்ன பண்ணுவீங்க? படம் நிக்கிற கோளாறைச் சரி பண்றீங்களா? புதுசா ஒரு சாப்ட்வேர் ஏத்திட்டீங்கன்னா லைன் அறுந்ததும் டிவி நீலமா ஆகி 'தொடர்பு இல்லை'ன்னு எழுத்து வருமா. யாரும் ஏமாற மாட்டாங்க. ஓ.

தம்பி, அதோ தெக்கு மேடு காணோம்.

டிவியைப் போட்டுப் பாருங்க ஒரு தடவை. லைன் வருதா? வணக்கம் மேடம்! ஜெயக்கொடிதான் மேடம். ஒண்ணுமில்ல மேடம், குரல் நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் ஜலதோசம். வெண்ணிலான்னு ஒரு புள்ள, தலைச்சன், வலி நல்லா இருக்கு. இங்க மேகம் கட்டுது மேடம். நீங்க... நீங்க கொஞ்சம் அங்கயே இருங்க மேடம், எந்திரிச்சுப் போயிடாதீங்க. மேடம்? மேடம்?

பாத்தீங்களா. கட்டம் கட்டமா. இப்ப சேந்துடுச்சு. இது லைனா, நின்ன படமா தம்பி? உங்க பொட்டியில பாத்துச் சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க.

இங்க பாருங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். டிஷ்ஷைத் திருப்புங்க, வயரை மாத்துங்க, எண்ணெய் வேணும்னா உள்ள இருக்கு, என்ன வேணா பண்ணுங்க. அந்தப் புதுசை மட்டும் ஏத்தாதீங்க. டிவி நீலமாகிடுச்சுன்னா என் கை விட்டுடும். எனக்கு என்னைத் தெரியும், விட்டுடும். இந்தம்மா முகம் இப்படியே நிக்கட்டும். பொய்யுன்னு தெரியும் தம்பி. தெரிஞ்சுக்கிட்டே பாத்துக்கறேன். ரிப்போர்ட்டுல செஞ்சாச்சுன்னு எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்.

என்ன வெண்ணிலா? தண்ணி உடைஞ்சிடுச்சா? இதோ வந்துட்டேன்! சுவத்தைப் பிடிச்சுக்க, அழாத. அல்லிமுத்து, சுடுதண்ணி! நீங்க ஏணியை எடுத்துடுங்க தம்பி, மழை வந்துடுச்சு.

வா கண்ணு, மெதுவா. ஏன் இப்படி நடுங்கற? தனியா இல்ல கண்ணு நாம, டிவியைப் பாரு. டாக்டரம்மா பாத்துக்கிட்டேதான் இருக்காங்க.